எந்தச் சேலை கட்டுவது

இன்டர்வியூ கார்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும், அசல் சான்றிதழ்களைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று டைப் அடித்திருந்தார்கள். என்ன உடுத்தி வர வேண்டும் என்று மட்டும் போடவில்லை. அதையும் ஒரு வரி சேர்த்திருந்தால் எங்கள் தெருவுக்கு நாலு நாள் சண்டை மிச்சமாகியிருக்கும்.

எண்பத்தொன்றாம் வருஷம், மாசி மாதம். எனக்கு இருபத்தைந்து வயது. கழுகுமலையில் இருந்து தினமும் விடியுமுன்னே கம்பெனி பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போய், ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைதான், ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குச்சி அள்ளிப் பெட்டியில் போடுகிறவளும் காலையில் கிளம்பும்போது “ஆபீஸுக்குப் போறேன்” என்றுதான் சொல்வாள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின வருஷம் என்னைப் பெற்ற அய்யா இறந்துபோனதால், மேலே படிக்காமல் நானும் அப்படித்தான் ஆபீஸுக்குப் போனேன். எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் எங்கள் முதலாளி நந்தகோபால் பெண்களுக்கென்றே ஒரு புது ஷெட் கட்டினார். அதற்குப் பெண் சூப்பர்வைசர் ஒருத்தியைப் போடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள், கேட்டிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் கணக்கப்பிள்ளை தங்கச்சாமியிடம் போய், உள்ளே வேலை செய்கிறவர்கள் விண்ணப்பம் போடலாமா என்று கேட்டேன். “வெளியாளு மாதிரி தபால்லயே போடு. கார்டு வந்தா வா” என்றார். வராது என்று அவர் நினைத்தது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்துக்காகவே அன்று சாயங்காலம் தபால் பெட்டியில் போட்டேன்.

மாசச் சம்பளம், உட்கார நாற்காலி, இதெல்லாம் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறொன்று. எங்களுக்குச் சூப்பர்வைசராக இருந்தவர் உக்கிரபாண்டி அண்ணாச்சி. கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஷெட்டுக்குள் வந்துவிட்டால் அவருக்கு முந்நூறு பெண்களுக்கும் ஒரே பெயர்தான், ஏட்டி. அம்மா அப்படிக் கூப்பிட்டால் அது பிரியம். கூட வேலை செய்கிறவள் கூப்பிட்டால் உரிமை. இவர் நாங்கள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிற வரிசைக்கு நடுவே தோல் செருப்போடு நடந்துகொண்டே “ஏட்டி, ஒன்னத்தான்” என்பார். முப்பது தலை நிமிரும். பேரப்பிள்ளை எடுத்தவர்களும் நிமிர்வார்கள். எட்டு வருஷமாக நானும் நிமிர்ந்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் உடம்பெல்லாம் எரியும். இந்த வேலை கிடைத்தால் அந்த இடத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட முடியாது. அதற்காகத்தான் விண்ணப்பம் போட்டேன், அதற்காகத்தான் நாலு நாள் சேலைக்கு அடித்துக்கொண்டேன்.

முதலில் அம்மா. பெருமாயி என்று பெயர். பருத்திக்காட்டில் இருந்து திரும்பியவள், கையைக்கூடக் கழுவாமல் கார்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நேரே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய கல்யாணப் பட்டு வெளியே வந்தது. வாடாமல்லி நிறம். கூடவே பாச்சா உருண்டை வாசனையும் வந்து வீடு முழுக்க நின்றது.

“எம்மா, நான் என்ன கல்யாண வீட்டுக்கா போறேன்?”

“போற எடத்துல இல்லாதப்பட்டவன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா எளக்காரமாப் பேசுவாவ.”

“பட்டு கட்டிட்டுப் போனா, இவளுக்கு எதுக்கு வேலைன்னு கேப்பாவ.”

அம்மா இதற்குப் பதில் யோசித்தாள். பதில் அகப்படாததால் கோபப்பட்டாள். எனக்கு இருக்கிற கோபம் எங்கே இருந்து வந்தது என்று யாரும் தேடிப் போக வேண்டியதில்லை.

அடுத்தது சந்தனமேரி. கோயில் தெருவுக்குப் பின்னால் இருக்கிறாள், ஆபீஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடைக்கிறவள். அவளுடைய மாமா சிலோனில் இருந்து கொண்டுவந்த நைலான் சேலை ஒன்று இருந்தது. ரோஸ் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூப் போட்டிருக்கும். ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் அந்தச் சேலை போய்வரும். அதை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

“ஏட்டி ஆவுடை, இதக் கட்டிட்டுப் போ. கசங்கவே கசங்காது.”

“ஒனக்குக் கிறுக்கா? நைலான் கட்டிட்டு வந்தா கேட்லயே திருப்பி அனுப்புதாவளே. பொறி பட்டா ஒடம்போட ஒட்டிக்கிடும்.”

“அது வேலைக்கு வாரவளுக்கு. நீ என்ன பெட்டி அடைக்கவா போற? நாக்காலியிலல்லா உக்காரப் போற.”

“நாக்காலிக்கும் தீப்பெட்டிக்கும் எவ்வளவு தூரம் இருக்குன்னு நெனைக்க? தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசர் வேலை கேக்கப் போறவ நைலான்ல போயி நின்னா, இவளுக்கு ஒண்ணுமே தெரியலன்னு நெனைக்க மாட்டாவளா?”

சந்தனமேரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் சேலையைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. நான் மனசு மாறுவேன் என்று கொடியில் போட்டுவிட்டுப் போனாள். இரண்டு நாள் அது கொடியில் தொங்கிக்கொண்டு என்னையே பார்த்தது.

வியாழக்கிழமை எனக்கு வெறுத்துப்போய்விட்டது. தினமும் ஆபீஸுக்குக் கட்டுகிற சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போகிறேன், எட்டு வருஷ உழைப்பு அதில் தெரியட்டும் என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சந்தனமேரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

“அப்படிப் போனா ஒன்னய உக்காரச் சொல்ல மாட்டாவ. லீவு நாள்ல எதுக்குட்டி வந்தன்னு கேப்பாவ.”

அவள் சொன்னது உண்மை. அந்தச் சேலையில் என்னைப் பார்க்கிற யாருக்கும் தரையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திதான் தெரிவாள். பட்டில் போனால் வேலை வேண்டாதவள், நைலானில் போனால் வேலை தெரியாதவள், சாதாச் சேலையில் போனால் வேலைக்காரி. ஆண்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டால் முடிந்தது. கொஞ்சம் மிடுக்கு வேண்டுமென்றால் புதியம்புத்தூரில் தைத்த ரெடிமேட் சட்டை ஒன்று வாங்கி, பேன்ட்டுக்குள் விட்டுக்கொள்வார்கள். பெண் சூப்பர்வைசர் எப்படி உடுத்துவாள் என்று பார்த்துக் கட்டுவதற்கு எங்கள் ஆபீஸில் அதுவரை ஒருத்தியும் இருந்ததில்லை.

அதனால் நாற்காலியில் உட்காருகிற பெண்கள் யார் யார் என்று யோசித்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா. அவர்களுக்கு யூனிபாரம். பிறகு டீச்சர்கள். எங்களுக்கு நாலு வீடு தள்ளி மதலேனம்மாள் டீச்சர் இருந்தார்கள். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட நூல் சேலைதான் எப்போதும் கட்டுவார்கள். அவர்கள் தெருவில் நடந்தால் சேலை சத்தம் போடும். எவ்வளவு பெரிய வாயாடியும் அவர்களைப் பார்த்தால் குரலைக் குறைத்துக்கொள்வாள். எனக்கு வேண்டியது அதுதான் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

டீச்சர் கார்டை இரண்டு தடவை படித்தார்கள். உள்ளே போய் இளநீலச் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காப்பிக்கொட்டைக் கலரில் விரலகலத்துக்குக் கரை.

“கஞ்சி புதுசாப் போட்டிருக்கு. பஸ்ல உக்காந்து கசக்கிராத.”

“சரி டீச்சர்.”

“வேலை கெடைச்சா துவைச்சுக் குடு. கெடைக்கலன்னாலும் துவைச்சுக் குடு.”

டீச்சர் அப்படித்தான் பேசுவார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

பிறகு மற்றதெல்லாம். கறுப்பு ரவிக்கைக்குக் கை இறுக்கமாக இருந்ததால் சந்தனமேரி உட்கார்ந்து தையலைப் பிரித்துவிட்டாள். தலையில் பூ வைக்க வேண்டும் என்று அம்மா, வைக்கக் கூடாது என்று சந்தனமேரி. கடைசியில் கனகாம்பரம் நாலு கண்ணி என்று சமாதானம் ஆனது. என்னுடைய ரப்பர் செருப்பில் வார் பிய்ந்து ஊக்குக் குத்தியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, சந்தனமேரி கிறிஸ்துமஸுக்கு வாங்கின தோல் செருப்பைக் கொடுத்தாள். என் காலுக்கு ஒரு விரற்கடை சின்னது. கொஞ்ச தூரம்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் பாதி சீட்டு காலி. நான் கோவில்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கண்டக்டர், “எம்மா, எடம் கெடக்குல்லா, உக்காருங்க” என்றார். சேலை கசங்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். முதுகுவலிக்காரி எதற்கு நிற்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. ‘எம்மா’ என்று கூப்பிட்டார் பாருங்கள், அது ஒன்றே சேலைக்குப் போதும் என்றிருந்தது.

ஆபீஸ் கேட்டில் அன்றும் மாடத்தி அக்காதான் இருந்தாள். பெண்கள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் மடியைத் தடவிப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. உள்ளே ஷெட்டுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. என்னைத் தூரத்தில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். கிட்டே வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆத்தாடி, நீயாட்டி? நான் யாரோ டீச்சரம்மான்னுல்லா எந்திரிச்சேன்.”

எனக்கு வந்த சந்தோஷத்தில், வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நின்றேன்.

“அட கோட்டிக்காரி, இன்னைக்குமா ஒன்னத் தடவிப் பாக்கணும்? போ, போ, நேரமாச்சு.”

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே முற்றத்தைத் தாண்டி ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

வராந்தாவில் நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்றில் ஆள் இருந்தது. எல்லாரும் வெளியாட்கள். ஒருத்தி கைப்பை வைத்திருந்தாள், ஒருத்தி குடை வைத்திருந்தாள், மூன்றாவது பெண் ஏதோ முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் நைலான். நான் மனசுக்குள் சந்தனமேரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தக் காம்பவுண்டுக்குள் எட்டு வருஷத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சேலை மடிப்பைச் சரிசெய்யக் குனிந்தேன்.

கீழே மூன்று ஜோடி செருப்பு வரிசையாக இருந்தது. நாலாவதாக என்னுடைய வெறுங்கால்.

ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவே இல்லை. பஸ்ஸில் செருப்பு இருந்தது. ரோட்டில் நடந்து வரும்போது கடித்தது, அதனால் இருந்தது நிச்சயம். பிறகுதான் புரிந்தது. கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரோரம் நாங்கள் செருப்பு விடும் இடம். வேலைக்கு வருகிற பெண்கள் அதைத் தாண்டிச் செருப்போடு போவதில்லை. எழுதி ஒன்றும் ஒட்டவில்லை, யாரும் போனதில்லை, அவ்வளவுதான். வாட்ச்மேன், கணக்கப்பிள்ளை, உக்கிரபாண்டி எல்லாரும் செருப்போடு போவார்கள். சுவரோரம் ஒவ்வொருத்திக்கும் இடம் உண்டு. மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என் இடம். மாடத்தி அக்காவோடு சிரித்துக்கொண்டே நின்ற நேரத்தில் என் கால் தானாகப் போய், தன் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுவிட்டு வந்திருக்கிறது.

சேலைக்கு நாலு நாள், ரவிக்கைக்கு ஒரு நாள், பூவுக்கு அரை நாள் சண்டை போட்டேன். காலைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. பித்தவெடிப்பில் கரிசல் மண் ஏறின கால். சேலையை இழுத்து மூடலாம் என்று பார்த்தால், டீச்சர் போட்ட கஞ்சிக்கு அது கணுக்காலுக்கு மேலேயே விறைத்துக்கொண்டு நின்றது. கால் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். குடை வைத்திருந்தவள் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பினாள். அவள் நல்லவளாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு அவளைக் கொல்லலாம்போல இருந்தது.

ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். உள்ளே இருந்து கணக்கப்பிள்ளை கூப்பிட்டார். அகர வரிசைப்படி கூப்பிடுகிறார்கள்.

“ஆவுடைத்தாய்.”

உள்ளே பெரிய மேஜைக்குப் பின்னால் முதலாளி. பக்கத்து நாற்காலியில் கணக்கப்பிள்ளை. ஜன்னலோரம் உக்கிரபாண்டி அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி என் சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நம்ம ஆபீஸ்லயா இருக்க? எட்டு வருசமா? உக்காரு.”

உட்காரச் சொல்லிவிட்டார். சேலைக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். முதலாளி இங்கிலீஷில் ஒரு கடிதத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இரண்டு வார்த்தை தடுக்கியது, நிற்காமல் தாண்டிப் போனேன். பிறகு கேட்டார்.

“மழைக்காலம். குச்சி நமுத்துப் போச்சு. சரக்கு ஏத்த லாரி வந்து நிக்குது. என்ன செய்வ?”

“அடைக்க விட மாட்டேன் சார். நமுத்த குச்சிய ஒரசினா மருந்து வழிஞ்சிட்டு வரும், நம்ம லேபிளுக்குத்தான் கெட்ட பேரு. லாரிய மறுநாளைக்கு வரச் சொல்லிட்டு, குச்சியக் காயப் போடுவேன். அதுவரைக்கும் எல்லாரையும் லேபிள் ஒட்டச் சொல்லுவேன். சும்மா உக்காத்தி வைக்க மாட்டேன்.”

கணக்கப்பிள்ளை தலையை ஆட்டினார். அன்று நோட்டீஸைப் பற்றிக் கேட்டபோது இருந்த முகம் இப்போது இல்லை. உக்கிரபாண்டி அண்ணாச்சி தன் பங்குக்கு ஒன்று கேட்டார்.

“முந்நூறு பொம்பளையள எப்படி அதட்டி வேலை வாங்குவ?”

“பேரு சொல்லிக் கூப்பிடுவேன் அண்ணாச்சி. முந்நூறு பேரு பேரும் எனக்குத் தெரியும்.”

அவருக்கு அது எட்டவில்லை. முதலாளிக்குப் பிடித்திருந்தது. சான்றிதழை மடித்து என் பக்கம் தள்ளினார். நான் எழுந்து வாங்கும்போது அவர் கண் கீழே போய் நின்றது.

“செருப்பு இல்லாமயா பஸ்ல வந்த?”

“இல்ல சார், இருக்கு. கேட்ல விட்டுட்டு வந்தேன்.”

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பி “மஞ்சி பில்லா” என்றார். நல்ல பிள்ளை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அந்த அளவுக்குத் தெலுங்கு எல்லாருக்கும் தெரியும். பிறகு தமிழில் எனக்கும் சொன்னார்.

“வெளிய ஒக்காந்திருக்காளுகளே, ஒவ்வொருத்தியும் டக்கு டக்குன்னு நடந்து வந்ததக் கேட்டேன். இன்டர்வியூவுக்கு வந்தும் செருப்பக் கேட்ல விட்டுட்டு வரணும்னு ஒனக்குத் தோணிருக்கு பாரு, அந்த மரியாதைதான் முக்கியம். பெரிய வேலைக்கு வந்தாலும் இந்த அடக்கம் போகக் கூடாது. மத்தவங்களக் கூப்புட்டு வச்சிட்டோம், ரெண்டு வார்த்தை பேசி அனுப்பிருவோம். நீ வேலைக்கு வந்துட்டன்னு வச்சுக்க.”

“நம்ம புள்ளதான சார். சொன்னபடி கேக்கும்” என்றார் உக்கிரபாண்டி அண்ணாச்சி.

நான் “சரி சார்” என்றேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. முற்றத்தில் நடக்கும்போது சந்தோஷம் வரவேண்டும் என்று பார்த்தேன், கோபம்தான் வந்தது. மறந்துபோய்க் கழற்றியதை மரியாதை என்கிறார். அந்த மழைக்காலப் பதிலுக்காக வேலைக்கு எடுத்தேன் என்று சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். காலுக்கு எடுத்திருக்கிறார். அதற்கு நானும் “சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

மாடத்தி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“அவியளே சந்தோசப்பட்டு வேலை குடுக்காவ. பேசாம வாங்கிக்கிட்டுப் போயேன். செருப்புல என்னட்டி இருக்கு?”

“திங்கக்கிழமை நான் எப்படிக்கா உள்ள போகணும்?”

“இப்படித்தான். வெறுங்காலோட.”

“செருப்புப் போட்டுட்டு வந்தா?”

“வேலை கெடைச்சதும் கொம்பு மொளைச்சிட்டுன்னு சொல்லுவாவ.”

“அப்பம் எத்தன வருசம் வெறுங்காலோட நடக்கணும்?”

அது மாடத்தி அக்காவுக்கும் தெரிந்த கணக்குதான். வெறுங்காலோடு வேலையை ஆரம்பித்தால் கடைசி வரைக்கும் வெறுங்கால்தான். உக்கிரபாண்டி அண்ணாச்சி செருப்போடு நடக்கிற ஆபீஸில் நான் மட்டும் சுவரோரம் கழற்றிவிட்டு நடந்தால், முந்நூறு பெண்களும் அதைப் பார்ப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்த ஏட்டி என்பதற்கு மேல் நான் ஒன்றும் ஆகமாட்டேன். திங்கட்கிழமை போட்டுக்கொண்டு வந்தால், சொன்ன சொல்லுக்கு மாறினவள் ஆவேன். சொல்வதானால் இன்றைக்கே, வேலை கையெழுத்தாகும் முன்னே சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை போனாலும் போகும். போனால் நாளைக்குக் காலையில் அதே வரிசையில் உட்கார்ந்து பெட்டி அடைக்க வேண்டும், இந்தக் கதையைக் கேட்டு முந்நூறு பேரும் சிரிப்பார்கள். பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மற்ற மூன்று பேரும் முடித்துவிட்டு வரும்வரை முக்கால் மணி நேரம் கேட்டிலேயே நின்றேன். குடைக்காரி போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். மழைநீர்க் குழாய்ப் பக்கம் போய், சந்தனமேரியின் செருப்புக்குள் காலைத் திணித்தேன். மாடத்தி அக்கா “ஏட்டி, வேண்டாம்டி” என்றாள். அவள் பயந்ததும் பிரியத்தில்தான்.

முற்றத்தைத் தாண்டினேன். புதுத் தோல், நடக்க நடக்கக் கிரீச் கிரீச் என்றது. அவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. குதிகாலில் வேறு கடித்தது. கதவு திறந்திருந்தது. முதலாளியும் மற்ற இரண்டு பேரும் கிளம்புகிற தருவாயில் நின்றிருந்தார்கள், சத்தம் கேட்டுத் திரும்பினார்கள்.

“சார், ஒரு விசயம் சொல்லாமப் போயிட்டேன்.”

“என்ன?”

“நான் மரியாதைக்காகச் செருப்பக் கழட்டல சார். எட்டு வருசப் பழக்கம், கால் தானாக் கழட்டிட்டு. வேலைக்கு வந்தா நான் செருப்புப் போட்டுத்தான் வருவேன். மருந்து ரூமுக்குள்ள கழட்டிருவேன், பொறி பறந்துறக் கூடாதுன்னு அங்கன எல்லாரும் கழட்டணும். ஷெட்டுலயும் இங்கனயும் போட்டிருப்பேன்.”

“ஏட்டி, மொதலாளிட்ட என்ன பேச்சு பேசுத?” என்றார் உக்கிரபாண்டி அண்ணாச்சி.

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்படிக் கூப்பிட்டு நான் திரும்பாதது அதுதான் முதல் தடவை. கழுத்தைத் திருப்பாமல் வைத்திருப்பதற்கே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

முதலாளி என் காலைப் பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

“நீ இதச் சொல்லாம இருந்திருந்தாலும் வேலை கெடைச்சிருக்கும்லா?”

“ஆமா சார்.”

“பெறகு எதுக்கு வந்து சொல்லுத?”

“நான் எப்படி வேலைக்கு வருவேன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்க சார்.”

கணக்கப்பிள்ளை மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். அடுக்கினதையே மறுபடி அடுக்கினார். முதலாளி மேஜை இழுப்பறையைப் பூட்டினார், சாவியைப் பையில் போட்டார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். வாசல்வரை போனவர் நின்றார். என்னைப் பார்க்காமல் உக்கிரபாண்டி அண்ணாச்சியிடம் சொன்னார்.

“புது ஷெட்டுல நாளைக்கே ஒரு நாக்காலி போட்டு வையும். இந்தம்மாவுக்கு எங்கன போட்டா எல்லாரும் தெரியும்னு அவங்கட்டயே கேட்டுப் போடும்.”

உக்கிரபாண்டி அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். வழக்கமான வார்த்தை வாய்வரை வந்து நின்றதைப் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு, வேறு எதுவும் அகப்படாமல் சும்மா நின்றார்.

“கதவுக்கு எதுத்தாப்ல போடுங்க அண்ணாச்சி” என்றேன்.

அதற்கப்புறம் பதினான்கு வருஷம் அந்த முதலாளியிடம் வேலை பார்த்தேன். சம்பளம் கூட்டினார், சாவிக்கொத்தை நம்பிக் கொடுத்தார், சண்டையும் போட்டிருக்கிறார். மஞ்சி பில்லா என்று மட்டும் அப்புறம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.